பத்தாயிரம் தீவுகளில் துடுப்பும் தூண்டிலும்: வழிகாட்டி எதற்காக, எப்படிப்பட்டவர்?

கேள்வி சுருக்கமாக இது. அட்லாண்டாவில் வசிக்கும் ஒரு குடும்பம், கோவையிலிருந்து வரும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு டிசம்பர் கடைசி வாரத்தில் தென்மேற்கு ஃபுளோரிடாவுக்குச் செல்கிறது. எவர்கிளேட்ஸ் சிட்டியை ஒட்டிய அலையாத்தித் தீவுகளுக்கிடையே கயாக் ஓட்டவும், மீன் பிடிக்கவும், படகில் சுற்றவும் ஆசை. தந்தைக்கு முழங்கால் வலி. தாய்க்கு நீச்சல் தெரியாது. பிள்ளைகளுக்கு ஒன்பதும் பதின்மூன்றும் வயது. வழிகாட்டியை அமர்த்த வேண்டுமா, கயாக்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தாமே போய்வரலாமா, அமர்த்துவதானால் எதைப் பார்த்துத் தேர்வது என்று கேட்டிருக்கிறார்கள்.

முதல் முறை செல்பவர்களுக்கு வழிகாட்டி தேவை என்பதே என் பதில். முதலைக்கும் சுறாவுக்கும் அஞ்சி இதைச் சொல்லவில்லை. அங்குள்ள தண்ணீரின் ஆழத்தைக் கருதிச் சொல்கிறேன். பத்தாயிரம் தீவுகள் என்பது பெயரளவில்தான். உண்மையில் இருப்பவை சில நூறு. மார்கோ தீவுக்குத் தெற்கே தொடங்கி லாஸ்ட்மன்ஸ் ஆற்றின் முகத்துவாரம் வரை மெக்சிகோ வளைகுடாவின் ஓரமாக அவை சிதறிக் கிடக்கின்றன. வடபகுதி 1996-இல் அமைக்கப்பட்ட வனவிலங்குப் புகலிடத்தைச் சேர்ந்தது. தென்பகுதி, 1947 டிசம்பரில் அதிபர் ட்ரூமன் இதே எவர்கிளேட்ஸ் சிட்டிக்கு வந்து திறந்துவைத்த எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் அடங்கும். தீவுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரம், ஒரே பச்சை, ஒரே விதமான வேர்க்கூட்டம்; நான்கு திருப்பங்கள் தாண்டிய பிறகு எந்த வாய்க்கால் வழியாக வந்தோம் என்று கரையைப் பார்த்துச் சொல்வது பழகாத கண்ணுக்கு இயலாத காரியம். ஆனால் திசை தவறுவதைவிடப் பெரிய தொல்லை வேறொன்று இருக்கிறது.

அங்கே ஓதத்தின், அதாவது கடல்நீர் அன்றாடம் ஏறி இறங்குவதன், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர். செங்குத்தான கரை உள்ள துறைமுகத்தில் இது ஒரு பொருட்டே அல்ல. எவர்கிளேட்ஸ் சிட்டியின் முன்னே விரிந்துள்ள சோக்கலோஸ்கி விரிகுடாவோ பெரும்பகுதி ஒரு மீட்டர் ஆழம்கூட இல்லாதது. அடித்தளம் தட்டையான சேறு. காலையில் கயாக் வழுக்கிக்கொண்டு சென்ற அதே இடத்தில், மதியம் திரும்பும்போது சேறும், விளிம்பு கத்திபோல் நிற்கும் சிப்பித் திட்டுகளும் வெளியே தெரியும். இறங்கித் தள்ளலாம் என்று காலை வைத்தால் முழங்கால் வரை புதையும். சிப்பியின்மேல் வைத்தால் செருப்பையும் கிழிக்கும். அப்படிச் சிக்கியவர்களுக்கு அடுத்த ஏற்றம் வரும் வரை, அதாவது பல மணி நேரம், வெயிலில் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இதனால் உயிருக்கு ஆபத்து வருவது அரிது என்றாலும், விடுமுறையின் ஒரு நாளும் குடும்பத்தின் பொறுமையும் அதோடு போய்விடும்.

ஓத அட்டவணையைப் பார்த்துக்கொண்டு போனால் ஆகாதா என்று கேட்கலாம். அட்டவணை வேண்டியதுதான், ஆனால் இரண்டு காரணங்களால் அது மட்டும் போதாது. முதலாவது, வெளிப்புறத் தீவுகளில் நீர் வற்றத் தொடங்கி நெடுநேரம் கழித்தே உள்விரிகுடாவில் வற்றத் தொடங்கும். ஒரே கணத்தில் ஒரு வாய்க்காலில் நீர் உள்ளே ஏறிக்கொண்டும், இன்னொன்றில் அசையாமலும் இருக்கும். இரண்டாவது காற்று. டிசம்பரில் வடக்கிலிருந்து குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) ஒன்று கடந்துபோனால், அதன் பின்னால் வீசும் வடகாற்று விரிகுடாவின் நீரைக் கடலுக்குள் தள்ளிவிடும். அட்டவணையில் போட்டிருக்கும் தாழ்மட்டத்தைவிட நீர் இன்னும் கீழே போகும். வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருக்கும். சுற்றுலாப் பயணி நல்ல நாள் என்று நினைப்பான். உள்ளூர்ப் படகுக்காரர் அன்று வேறு வழியாகப் போவார் அல்லது போகவே மாட்டார். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவருக்கே நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். பறவைகளின் பெயரைப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எந்த வாய்க்காலில் எத்தனை மணி வரை நீர் நிற்கும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இனி உங்கள் குடும்பத்துக்கு ஏற்றவற்றைப் பார்ப்போம். ஒரே நாளில் எல்லோரும் எல்லாவற்றையும் செய்வது என்ற திட்டத்தை முதலில் கைவிடுங்கள். கயாக், மீன்பிடி, இயற்கைச் சுற்றுலா மூன்றையும் நான்கு மணி நேரத்தில் அடைத்துத் தருவதாகச் சொல்லும் ஏற்பாடுகளில் மூன்றும் அரைகுறையாகவே முடியும் என்பது என் கருத்து. மீனுக்கு ஏற்ற நீரோட்டம் துடுப்புக்குத் தொல்லை. துடுப்புக்கு இதமான தேங்கிய நீரில் மீன் வாயைத் திறக்காது.

கயாக்குக்குப் பிள்ளைகளும் நீங்களும் போதும். இரண்டு வகை நீர் உண்டு, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். டாமியாமி சாலையிலிருந்து இறங்கும் டர்னர் ஆறு, நன்னீர்ச் சைப்ரஸ் காட்டில் தொடங்கி, அலையாத்திக் கிளைகள் தலைக்கு மேல் கூரையாகக் கவிந்த குகைவழிகளுக்குள் நுழைந்து, கடைசியில் சோக்கலோஸ்கி விரிகுடாவில் கலக்கிறது. இரட்டைத் துடுப்பை முழுதாக விரித்து வீச அங்கே இடம் இருக்காது. அதை இரண்டாகக் கழற்றி ஒரு பாதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் வேரைப் பிடித்து இழுத்துப் படகை நகர்த்தும் இடங்கள் உண்டு. அந்த வேர்கள் சிவப்பு அலையாத்தியின் ஊன்றுவேர்கள். பிச்சாவரத்தில் நாம் பார்க்கும் சுரபுன்னையும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான் என்பதால், உங்கள் பெற்றோருக்கு இந்தக் காட்சி அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. நீர்மட்டத்தில் நண்டுகள் வேரின் மறுபக்கத்துக்கு நழுவி ஓடுவதைக் காணலாம். கையளவு உயரத்தில் சிறு சிப்பிகள் ஒட்டியிருக்கும், ஆகவே பார்த்துப் பிடிக்க வேண்டும். வறண்ட பருவம் முற்றும் மார்ச், ஏப்ரலில் டர்னர் ஆற்றின் மேல்பகுதியில் நீர் குறைந்து படகு தட்டும். டிசம்பர் கடைசியில் பெரும்பாலும் ஓடும். ஆனாலும் அந்த ஆண்டின் மழையைப் பொறுத்தது என்பதால், வழிகாட்டியிடம் அந்த வாரத்து நீர்மட்டத்தைக் கேளுங்கள்.

இரண்டாவது வகை, வெளிப்புறத் தீவுகளின் மணற்கரைகள். பழகாதவர்கள் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் துடுப்பு போட முடியாது; முகத்துவாரங்களில் நீரோட்டமே அதற்கு ஈடாக ஓடும் நேரங்கள் உண்டு. ஆகவே வற்றத்தோடு வெளியே போய் ஏற்றத்தோடு உள்ளே திரும்புவதே அங்கே வழக்கம். அதை மீறினால் கை ஓய்ந்துவிடும். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, கயாக்குகளை மோட்டார் படகில் ஏற்றிக்கொண்டு வெளித்தீவு வரை சென்று, அங்கே இறக்கித் தரும் வழிகாட்டிகளை. அரைநாள் உழைப்பு மிச்சமாகும். ஒன்பது வயதுப் பிள்ளை இருவர் அமரும் கயாக்கில் முன்னால் உட்கார்ந்துகொள்ளலாம். களைத்தால் படகு பக்கத்திலேயே இருக்கிறது.

தாய்க்கு, அகன்ற தட்டைப் படகில் கூரையின் கீழ் அமர்ந்து போகும் ஒன்றரை மணி நேரச் சுற்றுலா போதுமானது. கூழைக்கடாக்களும், மரத்தின் உச்சியில் கூடு கட்டியிருக்கும் விராலடிப்பான்களும், படகின் அலையில் விளையாட வரும் டால்பின்களும் அதிலிருந்தே நன்றாகத் தெரியும். மனாட்டீ எனப்படும் கடற்பசு, நம் பாக் நீரிணையில் வாழும் ஆவுளியாவுக்கு உறவு; நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் அதற்குத் தாங்காது என்பதால், குளிர் நாட்களில் வெதுவெதுப்பான உள்நீரைத் தேடிச் சென்றுவிடும். அதைத் தொடுவதும், அதற்கு உணவோ குழாய் நீரோ கொடுப்பதும் சட்டப்படி குற்றம். விசிறி பூட்டிய ஏர்போட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: அதன் இரைச்சலில் காதை மூடிக்கொள்ள வேண்டும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.

தந்தைக்கு மீன்பிடி படகைச் சொல்வேன். முழங்கால் மடக்க வேண்டாம். ஏறி இறங்க ஓர் எட்டு. மெத்தை இருக்கை இருக்கும். ஆழமற்ற நீருக்கென்று கட்டப்பட்ட இந்தப் படகுகள் ஓர் அடிக்கும் குறைவான நீரில் மிதக்கக் கூடியவை. மீன் இருக்கும் இடத்தை நெருங்கியதும் ஓட்டுபவர் மோட்டாரை அணைத்து மேலே தூக்கிவிட்டு, பின்பக்கத்து உயர்ந்த மேடையில் ஏறி நின்று, ஆறு மீட்டர் அளவுள்ள கழியைச் சேற்றில் ஊன்றி ஓசையின்றித் தள்ளுவார். அந்த உயரத்திலிருந்து அவருக்கு நீருக்குள் நகரும் நிழல்கள் தெரியும். முன்னால் நிற்பவருக்குத் தெரியாது. ‘பத்து மணித் திசையில், பதினைந்து மீட்டர்’ என்று கடிகார முள்ளை வைத்து அவர் சொல்வதைக் கேட்டு வீச வேண்டும். படகின் முனை பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொள்வது வழக்கம். இதைத் தந்தைக்கு முன்பே சொல்லிவைத்தால் அங்கே தடுமாற மாட்டார்.

அந்த நீரின் பேர்பெற்ற மீன் ஸ்னூக். நீண்ட கீழ்த்தாடை, செவுளிலிருந்து வால் நுனி வரை ஒரே கறுப்புக் கோடு. பார்த்தவுடன் நம் கொடுவாவின் நினைவு வரும், இரண்டும் உறவு என்பது தற்செயல் அல்ல. நீர் வற்றும்போது வாய்க்கால்களிலிருந்து சிறுமீன்களும் இறாலும் இழுபட்டு வெளியே வரும். ஸ்னூக் வாய்க்கால் முனையில், ஓட்டத்துக்கு ஒதுங்கிய வேரின் நிழலில், அசையாமல் காத்திருக்கும். இரை வேரிலிருந்து ஒரு சாண் தள்ளி விழ வேண்டும். ஒரு முழம் தள்ளி விழுந்தால் அது திரும்பியும் பார்க்காது. பிடித்த அடுத்த நொடியே மீன் வேர்களுக்குள் பாயப் பார்க்கும், அதன் செவுள் மூடியின் விளிம்போ தூண்டில் நரம்பை அறுக்கும் கூர்மை கொண்டது. அதனால்தான் தூண்டில் நரம்பின் நுனியில் தடித்த துண்டு ஒன்றைக் கட்டுகிறார்கள். வட்டமான தூண்டில்முள்ளைப் பயன்படுத்தும்போது நம் ஊர்ப் பழக்கத்தில் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நரம்பைச் சீராகச் சுற்றிக்கொண்டே வந்தால் முள் தானாகவே வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் டிசம்பர் கடைசியில் ஸ்னூக்கைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. குளிர் தாங்காத மீன் அது; 2010 ஜனவரியின் கடுங்குளிரில் ஃபுளோரிடா முழுவதும் திரள் திரளாகச் செத்து மிதந்தது. அந்தக் கடற்கரையில் டிசம்பர் முதல் பிப்ரவரி முடியவும், முட்டையிடும் கோடையிலும் ஸ்னூக்கை வைத்துக்கொள்ளத் தடை உண்டு. பிடித்தால் விட்டுவிட வேண்டும். விடும் மீனை ஈரக் கையால், கிடைமட்டமாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். படம் எடுப்பதற்காகத் தாடையில் தொங்கவிட்டால் உள்ளுறுப்பு குலைந்து, விட்ட பிறகு சாகும். டார்பன் என்னும் வெள்ளி நிறப் பெருமீனும் அப்படியே: எப்போதும் பிடித்து விடுவதற்கு மட்டுமே உரியது, 40 அங்குலத்துக்கு மேற்பட்டதை நீரைவிட்டு வெளியே தூக்கவும் கூடாது. ரம்பம் போல் நீண்ட மூக்குள்ள வேளா மீன் தூண்டிலில் சிக்கினால் படகில் ஏற்றாமல், முடிந்த அளவு அருகே நரம்பை வெட்டி விட்டுவிட வேண்டும். அமெரிக்காவின் அழிவுநிலை உயிரினச் சட்டத்தில் 2003-இல் சேர்க்கப்பட்ட முதல் கடல்மீன் அதுதான். அதன் குட்டிகள் வளரும் இடம் இந்த அலையாத்தி நீர்.

குழம்புக்கு ஆகும் மீனும் குளிர்காலத்தில் உண்டு. ஷீப்ஸ்ஹெட் என்ற வரிமீன், சிப்பித் திட்டுகளை ஒட்டி டிசம்பர் முதல் நன்றாகக் கிடைக்கும். சிப்பியையும் நண்டையும் கடித்து நொறுக்குவதற்கு மனிதப் பல் போன்ற பல்வரிசை அதற்கு இருப்பதால், பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்து வியப்பார்கள். இரை, ஒரு துண்டு இறால் போதும். சங்கரா மீனின் உறவான அலையாத்தி ஸ்னாப்பரும் சிறிய அளவில் கிடைக்கும். ஒவ்வொரு மீனுக்கும் குறைந்த அளவு, சிலவற்றுக்குக் குறைந்ததும் கூடியதுமான அளவு, ஓர் ஆளுக்கு இத்தனை என்ற கணக்கு எல்லாம் மாநில வனவிலங்கு ஆணையம் வகுத்தபடி. இவை அவ்வப்போது மாறுவதால் போகும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பூங்காவின் தென்கோடியில் உள்ள ஃபுளோரிடா விரிகுடாவின் வடபகுதியில், பாதரசம் சேர்ந்திருப்பதன் காரணமாகப் புள்ளி டிரவுட், ஜாக் முதலிய சில மீன்களைப் பெரியவர்கள் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேலும், குழந்தைகளும் கருவுறும் வயதுப் பெண்களும் மாதத்துக்கு ஒருமுறைக்கு மேலும் உண்ண வேண்டாம் என்ற அறிவுரை உண்டு.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. வாடகைப் படகுக்குரிய மீன்பிடி உரிமம் பெற்ற படகுத் தலைவரின் (கேப்டனின்) படகிலிருந்து பிடிப்பவர்களுக்குத் தனி உரிமம் தேவையில்லை. கயாக்கில் தனித்தனியே தூண்டில் போடுவதானால் நிலைமை வேறாகலாம், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அறுபத்தைந்து வயதுக்கு மேல் உரிமம் வேண்டாம் என்ற சலுகை ஃபுளோரிடாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. உங்கள் தந்தைக்குப் பொருந்தாது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எங்கிருந்து வந்தாலும் உரிமம் வேண்டாம்.

நல்ல வழிகாட்டியை எப்படி அறிவது? மோட்டார் படகில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றுபவருக்குக் கடலோரக் காவல்படை வழங்கும் படகுத் தலைவர் உரிமம் இருக்க வேண்டும். சிறிய படகுகளுக்கான உரிமத்தில் ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. நீங்கள் ஆறு பேர் என்பதால் கணக்கில் சரிதான் என்றாலும், கழியால் தள்ளும் மீன்பிடி படகில் மீன் பிடிப்பவர்கள் இரண்டு பேரே வசதியாக நிற்க முடியும். மூன்றாமவர் வந்தால் முள் காதில் மாட்டும். தேசியப் பூங்காவுக்குள் தொழில் செய்பவர், கயாக் வழிகாட்டியாக இருந்தாலும், பூங்காவின் வணிக அனுமதி பெற்றிருக்க வேண்டும். இவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாக நடப்பவர் உடனே காட்டுவார்.

தாள்களைவிட, அவர் உங்களைக் கேட்கும் கேள்விகளையே நான் அதிகம் நம்புவேன். யாருக்கு நீச்சல் தெரியும், யாருக்கு முதுகு வலி, குழந்தைகளின் எடை என்ன என்று கேட்பவர் நல்லவர். எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டு எந்த நாளுக்கும் அதே எட்டு மணியைச் சொல்பவர் ஓதத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். ‘குளிர்முகம் வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று நீங்களாகவே கேட்டுப் பாருங்கள். நாளை மாற்றுவேன், அல்லது காற்றுப் படாத உள் ஆறுகளுக்குக் கூட்டிச் செல்வேன் என்று இடத்தின் பெயரோடு சொல்பவரை அமர்த்தலாம். கடற்புல் படுகையின்மேல் மோட்டாரை ஓடவிடுபவரைத் தவிர்த்துவிடுங்கள். விசிறி உழுத தடம் மூடுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும், ஃபுளோரிடா விரிகுடாவில் 2011 முதல் சில பகுதிகளில் கழியும் சிறு மின்மோட்டாரும் மட்டுமே அனுமதிக்கப்படுவதற்கும் அதுவே காரணம்.

இந்தத் தொழிலுக்கு ஒரு பின்கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் பெண்களின் தொப்பிகளுக்காகக் கொக்குகளின் இறகு வேட்டை அங்கே பெருவணிகமாக இருந்தது. அதைத் தடுக்க அமர்த்தப்பட்ட கை பிராட்லி (Guy Bradley) என்ற காவலர் 1905 ஜூலையில், இன்றைய பூங்காவின் தென்கோடியில் உள்ள ஃபிளமிங்கோ என்ற ஊரின் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு வலைமீன்பிடி பிழைப்பாயிற்று. பூங்காவுக்குள் வணிக மீன்பிடி 1985-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. மாநில நீர்களில் செவுள் வலைக்கான தடை, 1994-இல் மக்கள் வாக்கால் முடிவாகி, அடுத்த ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வலையை இழந்த குடும்பங்களில் சிலர் நண்டுக்கூடைக்கும், சிலர் வழிகாட்டித் தொழிலுக்கும் போனார்கள். இன்று எவர்கிளேட்ஸ் சிட்டியிலும் சோக்கலோஸ்கியிலும் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் ஒருவர் படகை ஓட்டினால், அவர் வாய்க்கால்களை வரைபடத்தில் கற்றவராக இருக்க மாட்டார். பேச்சு குறைவாகவே இருக்கும். அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே ஊரில் உணவகங்களில் கிடைக்கும் கல்நண்டுக் கொடுக்குகளையும் சாப்பிட்டுப் பாருங்கள்: கொடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு நண்டை உயிரோடு கடலில் விட்டுவிடுவார்கள், கொடுக்கு மீண்டும் முளைக்கும்; பருவம் அக்டோபர் நடுவில் தொடங்கி மே முதல் நாள் வரை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் கொசு குறைவு. ஆனால் காற்று இல்லாத விடியலிலும் அந்தியிலும் கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சிகள் கரையோரத்தில் மொய்க்கும், முழுக்கைச் சட்டை அவசியம். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் சிறு படகுகளில் மிதவைச் சட்டையைக் கட்டாயம் அணிந்திருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். உங்கள் பிள்ளைகள் அந்த வயதைக் கடந்தவர்கள் என்றாலும் அணிவியுங்கள், தாயும் அணியட்டும். குடிநீர் ஆளுக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிடுங்கள்; தீவுகளில் ஒரு சொட்டு நன்னீர் கிடையாது. எவர்கிளேட்ஸ் சிட்டியிலிருந்து ஃபிளமிங்கோ வரை 99 மைல் நீளும் காட்டு நீர்வழியையும், நீரின்மேல் தூண்களில் கட்டிய சிக்கி மேடைகளில் இரவு தங்குவதையும் பற்றி உங்கள் மூத்த பிள்ளை கேட்டிருந்தான். அதைத் துடுப்பால் கடக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அனுமதிச் சீட்டும் வேண்டும், இந்தப் பயணத்தில் அது வேண்டாம். இரண்டு ஊர்களும் ஒரே பூங்காவில் இருக்கின்றன என்பதை நம்பி ஒரே நாளில் இரண்டிலும் முன்பதிவு செய்துவிடாதீர்கள். இடையே காரில் மூன்று மணி நேரம் ஆகிவிடும்.

கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரமே அங்கே ஆண்டின் நெருக்கடியான காலம். நல்ல வழிகாட்டிகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுவார்கள். மீன்பிடி படகை ஓர் ஆள் கணக்கில் அல்லாமல் படகுக் கணக்கில், அரைநாள் அல்லது முழுநாள் என்று பேசுவார்கள். கட்டணம் சில நூறு டாலர், அதற்குமேல் பதினைந்து முதல் இருபது விழுக்காடு அன்பளிப்பாகக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். தந்தைக்கும் மூத்த பிள்ளைக்கும் அரைநாளே போதும். மீன்பிடி நாளை முதலில் முடிவுசெய்து, அதற்கு மறுநாள் கயாக்கை வையுங்கள். இடையில் குளிர்முகம் வந்தால் இரண்டையும் மாற்றிக்கொள்ளும்படி, ஊரைவிட்டுக் கிளம்பும் நாளுக்கு முன்பாக ஒரு நாளை வெறுமையாக விட்டுவையுங்கள். அந்த வாரத்தில் இடம் கிடைக்கவில்லை என்றால், பள்ளி திறப்பதற்கு முந்தைய ஜனவரி நாட்களைக் கேட்டுப் பாருங்கள்.